தடாகம் வரை ஒரு நாள்

ஹஜ்ஜுக்கு இன்று சில மணித்தியாலங்களில் ஜித்தாவில் இறங்கிவிடுகிறோம். அன்று ஈராக்கின் கூபாவிலிருந்து மக்காவுக்கு 1,400 கிலோமீற்றர் பாலைவனம். கலீபா ஹாரூன் அர்ரஷீதின் மனைவி ஸுபைதாவின் பெயரால் அந்தப் பாதை 'தர்ப் ஸுபைதா' எனப்படுகிறது.

அதில் ஒரேயொரு நாள் நடையை நினைத்துப் பாருங்கள். ஒரு பெரிய தங்குமிடத்திலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஒட்டகத்துக்கே அது முழுநாள் பயணம். கால்நடையாகப் போனவர்கள்? கைக்குழந்தையோடு போன உம்மாமார்? தோற்பையில் நிரப்பிய தண்ணீர் தீருமுன் அடுத்த தடாகத்தை அடைய வேண்டும். அங்கும் வற்றியிருந்தால் அத்தோடு முடிந்தது.

எப்போதாவது பெய்யும் மழைவெள்ளத்தை மறித்து, முதலில் ஒரு சிறு தொட்டியில் விட்டார்கள். சேறும் மணலும் அடியில் தங்க, தெளிந்த நீர் பெரிய தடாகத்துக்குப் போனது. கலங்கிய தண்ணீரைக் குடத்தில் தெளியவைத்து மேலால் வார்ப்போமே, அதே வேலைதான்!

எல்லாவற்றையும் ஸுபைதாவே கட்டினார் என்பது மிகை. கலீபாக்களும் கட்டினார்கள். ஹிஜ்ரி 216இல் (கி.பி. 831) அவர் வபாத்தான பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் ஹாஜிகள் அவ்வழியே நடந்தார்கள். 1258இல் பக்தாத் வீழ்ந்த பிறகு பாதை கவனிப்பாரற்றுப் போயிற்று. அபூதர் (ரழி) அவர்கள் மரணித்த ரபதாவில் வட்டத் தடாகமொன்று இன்றும் இருக்கிறது. மழைக்குப் பின் இப்பாதையின் சில தடாகங்களில் இப்போதும் தண்ணீர் நிற்கும்.