டீ மாஸ்டருக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா?



போன ஞாயிறு என் பழைய மாணவர்கள் இருவர் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் சி மொழியில், சிப்புக்கு நெருக்கமான நிரல் எழுதுகிறவர்கள். காபி ஆறும்வரை ஒரே சண்டை. நிரலில் 'இஃப்' வரும் இடத்தில், 'இது பெரும்பாலும் நடக்கும்', 'இது அரிது' என்று நாமே குறிப்பு எழுதினால் வேகம் கூடுமா? கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன், பிறகு நானும் கொஞ்சம் படித்தேன். கணினி தெரியாத உறவினர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

நான் சத்திரத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்குவதைப் பார்த்ததுமே எங்கள் டீக்கடை மாஸ்டர் சர்க்கரை இல்லாத டீயைப் போட ஆரம்பித்துவிடுவார். என்றைக்காவது 'இன்னைக்குக் காபி' என்றால் போட்டது வீண். பிராசசரும் அப்படித்தான். 'இஃப்'புக்கு விடை வரும்வரை காத்திருக்காமல், பழைய வழக்கத்தை வைத்து ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் தவறினால் செய்ததைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இன்றைய கணினிகளில் சுமார் 15 முதல் 20 கடிகாரத் துடிப்புகள் வீணாகும்.

2000-இல் வந்த பெண்டியம் 4 சிப்புக்கு நேரடியாகவே இந்தக் குறிப்பைச் சொல்லலாம். அடுத்து வந்த கோர் வரிசைச் சிப்களோ பல ஆண்டுகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தினமும் என்னைப் பார்க்கும் மாஸ்டருக்கு என் வழக்கத்தை இன்னொருவர் சொல்ல வேண்டுமா?

அப்படியானால் குறிப்பே வீணா? இல்லை. இன்று அது முக்கியமாகப் போய்ச் சேருவது கம்பைலரிடம். அடிக்கடி கேட்கும் சரக்கைக் கைக்கெட்டும் இடத்திலும், எப்போதாவது கேட்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பின் அலமாரியிலும் வைப்பதுபோல, அரிதாக ஓடும் வரிகளை அது ஒதுக்கி வைக்கிறது. லினக்ஸ் கெர்னலில் பிழையைச் சோதிக்கும் இடங்களில் 'அன்லைக்லி' என்று எழுதுவது இதனால்தான். அந்தக் குறிப்புகள் எத்தனை முறை சரி, எத்தனை முறை தவறு என்று எண்ணிக் காட்டும் வசதியும் அதே கெர்னலில் உண்டு.

நம் சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பை வகுத்தவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். கிளைக் கட்டளைக்குள் குறிப்புக்கு இடம் ஒதுக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். சோதனையில் அளந்தபடி நிஜத்தில் ஓடாவிட்டால் வேகம் குறையும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

என் கருத்து இதுதான். நிரலை நிஜமான தரவோடு ஓட்டி, கம்பைலரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பிழை வரும் வழிபோல நிச்சயமாக அரிதான இடத்தில் மட்டும் கையால் குறியுங்கள். எழுதிய பிறகும் அளந்து பாருங்கள். 'எனக்குத் தெரியும்' என்ற நம்பிக்கையில் எழுதாதீர்கள்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. வந்த இருவரில் ஒருவனை ஏழாம் வகுப்பில் 'இவனுக்குக் கணக்கு வராது' என்று நானே முடிவு கட்டிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினேன். காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் என் ஊகம் தவறு என்று தெரிந்தது. மறுநாளே முன்னால் அழைத்து உட்கார வைத்தேன். ஆனாலும் அந்த மூன்று மாதம் அவனுக்குப் போனது போனதுதான். ஞாயிற்றுக்கிழமை அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள், நீங்கள் அளந்து பார்த்த அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் தவறு இருந்தால் திருத்துங்கள், மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்