ஊரின் பெயர் யாருக்குச் சொந்தம்?

2024 ஆம் ஆண்டு ஜூலை மாதம் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட் போட்டிகள் நடைபெற்றுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் ராகலைக்குச் சென்றிருந்தோம். பஸ் தரிப்பிடத்திற்கு அருகில் நின்ற தோட்ட இளைஞர்களில் மூவர் மஞ்சள் நிறச் சீருடை அணிந்திருந்தனர். மூன்றுமே சென்னை சுப்பர் கிங்ஸ் அணியினுடையவை. முதுகில் 7 ஆம் இலக்கம். "தம்பி, நம்ம நாட்டுப் போட்டியில எந்த அணி உங்களுடையது?" என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டோம். "கண்டிதான் சேர், நமக்குக் கிட்ட அதுதானே" என்றவர், சற்று யோசித்துவிட்டு, "ஆனா இந்த வருஷம் அதுக்கு என்ன பேருன்னு தெரியல்ல சேர். போன வருஷம் வேற பேரு" என்றார்.

அந்த இளைஞரின் அறியாமை என்று இதனைத் தள்ளிவிட முடியாது. 2020 இல் கண்டி டஸ்கர்ஸ் என்று களமிறங்கிய அணி 2021 இல் கண்டி வோரியர்ஸ் ஆகியது. 2022 இல் கண்டி ஃபல்கன்ஸ். 2023 இல் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு வர்த்தகப் பெயர் ஒட்டப்பட்டு 'பீ-லவ் கண்டி' என்றாகி, அந்தப் பெயரிலேயே கிண்ணத்தையும் வென்றது. 2024 இல் மீண்டும் ஃபல்கன்ஸ். ஏனைய ஊர்களின் நிலையும் இதுவே. கொழும்பு முதலில் கிங்ஸ், பின்னர் ஸ்டார்ஸ், அதன் பின்னர் ஸ்ட்ரைக்கர்ஸ். காலி முதலில் கிளேடியேட்டர்ஸ், அடுத்து டைட்டன்ஸ், அடுத்து மார்வெல்ஸ். தம்புள்ளையின் கதையோ அனைத்தையும் விஞ்சியது. வைக்கிங், ஜயன்ட்ஸ், ஓரா எனப் பெயர் மாறி வந்த அவ்வணி, 2024 இல் தண்டர்ஸ் என்று அறிவிக்கப்பட்டது. போட்டி தொடங்குவதற்கு முன்னரே, மே மாதத்தில் அதன் உரிமையாளர் ஆட்டநிர்ணயக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட, ஒப்பந்தம் இரத்தாகி, வேறொருவரின் கைக்குச் சென்று தம்புள்ளை சிக்ஸர்ஸ் என்ற பெயருடன் களமிறங்கியது. யாழ்ப்பாணத்தின் ஸ்டாலியன்ஸ் 2021 இல் கிங்ஸ் ஆகியது. ஐந்து ஊர்கள், ஐந்து பருவங்கள். நாம் எண்ணிப் பார்த்த அளவில் பதினேழு பெயர்கள். அவற்றில் ஒன்று களத்தையே காணவில்லை.

இத்தனை மாற்றங்களுக்கும் காரணம் ஒன்றே. பெயர் ஊருக்குரியதாக அன்றி, உரிமத்தை வாங்கியவருக்குரியதாகவே காணப்படுகின்றது. கட்டணம் செலுத்தாமல் ஒருவர் விலகினால், அல்லது விலக்கப்பட்டால், அடுத்து வருபவர் தமது விருப்பப்படி பெயரையும் நிறத்தையும் சின்னத்தையும் மாற்றிக்கொள்கின்றார். 2020 இல் கொழும்பிடமிருந்த 'கிங்ஸ்' என்ற பட்டம் 2021 இல் யாழ்ப்பாணத்திற்கு வந்து சேர்ந்தமைக்கும் யாழ்ப்பாணத்து மன்னர்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அணியை வாங்கிய லைக்கா குழுமத்திடம் அப்போது தமிழ்நாட்டு பிரீமியர் லீக்கில் கோவை கிங்ஸ் என்றோர் அணி இருந்தது என்பதை நினைவிற் கொண்டால் விடயம் தெளிவாகும்.

இந்நோய் இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. விளையாட்டு அணியை ஊர் விட்டு ஊர் பெயர்க்கக்கூடிய வணிகச் சரக்காக முழுமையாக மாற்றிய நாடு அமெரிக்காவாகும். அங்குள்ள தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணிகளின் பெயர்களைப் பார்த்தாலே அவை எங்கிருந்து வந்தவை என்பது புலப்படும். ஏரிகள் நிறைந்த மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் 'ஏரிக்காரர்' என்ற பொருளில் பெயர் பெற்ற லேக்கர்ஸ் அணி 1960 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்றது. ஏரிகள் கூட வரவில்லை. பெயர் மட்டும் வந்தது. ஜாஸ் இசையின் தாயகமான நியூ ஓர்லியன்ஸின் ஜாஸ் அணி 1979 இல் யூட்டா மாநிலத்தின் சோல்ட் லேக் சிட்டிக்குப் போய்விட்டது. கனடாவின் வன்கூவர் நகரில் கரடியின் பெயரைத் தாங்கியிருந்த கிரிஸ்லீஸ் 2001 இல் மெம்பிஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. நமது ஓரா, பீ-லவ் பெயர்களுக்கும் அங்கு முன்னோடி உண்டு. ஃபோர்ட் வெய்ன் நகரில் பிஸ்டன் தொழிற்சாலை வைத்திருந்த சொல்னர் என்பவர் தமது அணிக்கு 'சொல்னர் பிஸ்டன்ஸ்' என்றே பெயர் சூட்டினார். 1957 இல் மோட்டார் வாகன நகரமான டெட்ரொய்ட்டுக்கு அது சென்றபோது பிஸ்டன் என்ற பெயர் முன்னரை விடவும் பொருந்திப் போனது தற்செயலே.

எனினும் அமெரிக்காவிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடமும் அங்கேயே இருக்கின்றது. சியாட்டில் நகரின் சுப்பர்சொனிக்ஸ் அணி 1967 இல் தொடங்கி, 1979 இல் வாகை சூடி, 41 ஆண்டுகள் அந்நகரின் பச்சை, பொன்மஞ்சள் நிறங்களை அணிந்து ஆடியது. 2006 இல் அதனை வாங்கிய ஒக்லஹோமா முதலீட்டாளர்கள் 2008 இல் தமது நகருக்கே கொண்டு சென்றனர். அரங்க வாடகை ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தக் கோரி நகரசபை வழக்குத் தொடுத்திருந்தது. இறுதியில் 45 மில்லியன் டொலர் இழப்பீட்டுடன் இணக்கம் காணப்பட்டபோது, பணத்தை விடவும் பெரியதொன்றை நகரசபை பெற்றுக்கொண்டது. அணி போகலாம், பெயரும் நிறங்களும் சியாட்டிலிலேயே இருக்க வேண்டும் என்பதே அது. ஒக்லஹோமா சென்ற அணி தண்டர் என்று புதுப் பெயர் சூடியே ஆட வேண்டியதாயிற்று. (நமது தம்புள்ளையின் களம் காணாத தண்டர்ஸ் போலன்றி அந்தத் தண்டர் 2025 இல் வாகையும் சூடியது.)

சார்லட் நகரின் அனுபவம் இன்னும் சுவையானது. 1988 முதல் அங்கிருந்த ஹோர்னட்ஸ் அணி 2002 இல் பெயருடன் நியூ ஓர்லியன்ஸ் சென்றது. ஈராண்டுகளின் பின்னர் சார்லட்டுக்கு வேறோர் அணி பொப்கட்ஸ் என்ற பெயரில் கிடைத்தது. மக்கள் மனம் அதில் ஒட்டவில்லை. 2013 இல் நியூ ஓர்லியன்ஸ் தனது அணிக்கு பெலிக்கன்ஸ் என்று பெயரிட்டதும், சார்லட் 2014 இல் ஹோர்னட்ஸ் என்ற பெயரை மீட்டெடுத்தது. பெயர் மட்டுமன்றி 1988 முதல் 2002 வரையிலான ஆட்டப் பதிவுகளும் ஊருக்குத் திரும்பின.

பெயர் மாற்றம் அனைத்துமே தவறென நாம் கூறவரவில்லை. துப்பாக்கி வன்முறை மலிந்த வாஷிங்டனில் 'தோட்டாக்கள்' என்று பொருள்படும் புல்லட்ஸ் என்ற பெயரை 1997 இல் விசார்ட்ஸ் என மாற்றியமைக்கு நியாயம் இருந்தது. பெங்களூர் நகரின் பெயர் பெங்களூரு என்றானதைப் பின்பற்றி அவ்வூர் ஐ.பி.எல். அணியும் 2024 இல் மாறியது. ஊரைப் பின்தொடர்ந்த மாற்றம் அது. ஆனால் ஹைதராபாத்தில் டெக்கான் சார்ஜர்ஸ் 2009 இல் கிண்ணம் வென்று, 2012 இல் உரிமம் இரத்தாகி மறைந்தபோது, அதனிடத்திற்கு வந்த அணி சன் குழுமத்தின் பெயரைத் தாங்கி சன்ரைசர்ஸ் ஆகியது. ஊரிடம் யாரும் கேட்கவில்லை.

ராகலை இளைஞரின் மஞ்சள் சீருடைக்கு இப்போது வருவோம். 2008 முதல் சென்னை அணியின் பெயரும் நிறமும் மாறவேயில்லை. 2016, 2017 ஆம் ஆண்டுகளில் இடைநிறுத்தப்பட்டிருந்த அவ்வணி 2018 இல் அதே பெயருடன், அதே மஞ்சளுடன் திரும்பியது. காவிரிப் போராட்டம் காரணமாக அவ்வாண்டு சென்னையில் ஓர் ஆட்டத்துடன் ஏனையவை புனேக்கு மாற்றப்பட்டபோது, ரசிகர்களை ஏற்றிக்கொண்டு விசேட ரயிலொன்றே சென்னையிலிருந்து புறப்பட்டது. மைதானம் இடம்பெயர்ந்தாலும் பெயர் இடம்பெயரவில்லை. கடலுக்கு அப்பாலிருக்கும் ஊரின் சீருடையை நமது தோட்டப் பிள்ளைகள் அணிவதற்கு மொழியும் உறவும் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. இன்னொன்றும் உண்டு. தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானதே 2024 செப்டெம்பரில்தான். அக்குடும்பத்துப் பிள்ளையொருவர் மறுவருடம் செல்லுபடியாகாத சீருடைக்குப் பணம் கொடுப்பாரா?

வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெற்ற பெயரை மாற்றக்கூடாது என்பதை மலையகத்தின் தேயிலை வியாபாரிகள் நன்கறிந்திருந்தனர். 1972 இல் நாடு இலங்கைக் குடியரசாகிப் பழைய ஆங்கிலப் பெயரைக் கைவிட்டது. அதே ஆண்டிலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் ஏற்றுமதிப் பெட்டியில் 'சிலோன் டீ' என்ற பெயர் மாறவில்லை. உரிமையாளர் மாறினால் பெயரும் மாற வேண்டும் என்ற விதியைக் கிரிக்கெட்டுக்கு வகுத்தவர்கள் ஒரு தேயிலைத் தரகரிடமாவது ஆலோசனை கேட்டிருக்கலாம்.

கிரிக்கெட்டுக்குள்ளேயே கேட்டிருக்கலாம் என்பதே மேலும் பொருத்தமானது. தமிழ் யூனியன் கழகம் 1899 இல் தொடங்கியது. மூர்ஸ் கழகமும் நூறாண்டைக் கடந்தது. இன்று இவற்றின் அணிகளில் எல்லாச் சமூகத்தவரும் ஆடுகின்றனர். கண்டியின் முத்தையா முரளிதரன் தமிழ் யூனியனுக்கு ஆடியதில் வியப்பில்லை. ரங்கன ஹேரத் மூர்ஸ் கழகத்திற்கும் பின்னர் தமிழ் யூனியனுக்கும் ஆடினார் என்பதே ரசிக்கத்தக்கது. சமூகப் பெயரைச் சூடிய கழகங்கள் அப்பெயரை விடாமலேயே அனைவருக்கும் கதவைத் திறந்தன. அங்கத்தவர்களுக்குச் சொந்தமான கழகத்தின் பெயரை எந்த முதலீட்டாளரும் விலை பேச முடியாது.

பெயர் மாற்றத்தை விடவும் எம்மை உறுத்தும் விடயம் பெயரே இல்லாத ஊர்கள் பற்றியதாகும். 2012 இல் ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் என்ற போட்டி ஒரேயொரு பருவம் நடைபெற்றது. அதில் அணிகள் மாகாணங்களின் பெயரைத் தாங்கியிருந்தன. வடக்கிற்கு உத்துர ருத்ராஸ், கிழக்கிற்கு நெகெனஹிர நாகாஸ், மலைநாட்டிற்குக் கந்துரட்ட வோரியர்ஸ், ஊவாவிற்கு ஊவா நெக்ஸ்ட். கிண்ணத்தை வென்றதும் ஊவாவே. அப்பெயர்கள் சிங்களத்தில் இருந்தன என்ற குறை எமக்கு அன்றும் இருந்தது. ஆனாலும் கல்முனையிலும் மூதூரிலும் மட்டக்களப்பிலும் உள்ளவருக்கு ஓர் அணி இருந்தது. 'கந்துரட்ட' என்ற சொல்லுக்குள் ராகலையும் ஹற்றனும் பதுங்கியாவது இருந்தன. 2020 இல் மாகாணங்கள் போய் ஐந்து நகரங்கள் வந்தபோது கிழக்கு முற்றாக விடுபட்டது. தமிழரும் முஸ்லிம்களும் செறிந்து வாழும் ஒரு மாகாணத்திற்கு ஐந்து பருவங்களிலும் ஓர் அணி இல்லை. ஊவாவும் இல்லை. நுவரெலியா மாவட்டம் கண்டிக்குள் அடங்கிவிட்டதாகக் கருதப்படுகின்றது போலும்.

பெயர் கிடைத்த யாழ்ப்பாணத்தின் நிலை என்ன? 2020, 2021, 2022, 2024 என நான்கு கிண்ணங்கள். முதல் பருவத்தில் அறிமுகமான யாழ்ப்பாணத்து இளைஞர் விஜயகாந்த் வியாஸ்காந்த் பின்னர் இலங்கைக்காகவும், 2024 இல் ஐ.பி.எல். தொடரில் சன்ரைசர்ஸ் அணிக்காகவும் ஆடினார். ஓர் ஊர்ப் பெயர் அணியில் இருப்பதன் பயனுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் அந்த ஐந்து பருவங்களில் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை. ஹம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை என ஊர் ஊராகச் சென்று அவ்வணி ஆடியது. மண்டைதீவில் சர்வதேச மைதானத்திற்கான பணிகள் 2025 செப்டெம்பரில்தான் தொடக்கி வைக்கப்பட்டன. அதற்கு முன்னரே, 2025 மே மாதத்தில், ஒப்பந்தக் கடப்பாடுகள் நிறைவேற்றப்படவில்லை என்ற காரணம் கூறப்பட்டு ஜப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் ஆகியவற்றின் உரிமங்கள் இரத்துச் செய்யப்பட்டன. அவ்வருடப் போட்டியும் உலகக்கிண்ண மைதானத் தயாரிப்புகளுக்காக ஒத்திவைக்கப்பட்டது.

உரிமத்தை இரத்துச் செய்ய ஸ்ரீலங்கா கிரிக்கெட்டுக்கு அதிகாரம் உண்டு. கடன் வைத்தவரைத் தொடர விடுமாறு நாம் கேட்கவில்லை. உரிமத்துடன் சேர்த்துப் பெயரையும் தூக்கியெறியும் வழக்கத்தையே எதிர்க்கின்றோம். ஊர்ப் பெயர், பட்டப்பெயர், நிறம், சின்னம் ஆகிய நான்கும் அவ்வப்பகுதி மாவட்ட கிரிக்கெட் சங்கத்தின் பொறுப்பில் பதிவு செய்யப்பட வேண்டும். உரிமம் வாங்குபவர் அவற்றை வாடகைக்குப் பெறுபவராகவே இருக்க வேண்டும். தமது நிறுவனப் பெயரை அவர் சீருடையின் மார்பில் பொறித்துக்கொள்ளட்டும், அதற்குத்தானே பணம் செலுத்துகின்றார். அணிப் பெயருக்குள் அது நுழையக்கூடாது. ஆறாவது அணி பற்றிப் பேச்சு எழும்போது கிழக்கின் பெயர் முதலில் உச்சரிக்கப்பட வேண்டும். கண்டி அணி மலையகத்தையும் சேர்த்தே பிரதிநிதித்துவப்படுத்துவது உண்மையானால், அதன் வீரர் தேர்வு முகாம்களில் ஒன்றையாவது நுவரெலியா மாவட்டத்தில் நடத்திக் காட்டட்டும். ஜப்னா என்று ஆங்கில எழுத்தில் மாத்திரம் அச்சிடப்படும் சீருடையில் யாழ்ப்பாணம் என்று தமிழிலும் எழுதுவதற்குப் பெரும் செலவு ஏற்படப் போவதில்லை.

இவற்றுள் எதனையும் செய்யாவிடின், யாழ்ப்பாண அணியைப் புதிதாக வாங்கும் எவரும் கிங்ஸ் என்ற பெயரை நீக்கிவிட்டுத் தமக்குப் பிடித்த மிருகத்தின் அல்லது கம்பனியின் பெயரைச் சூட்டலாம். தடுப்பதற்கு விதி எதுவுமில்லை. அப்போது அந்த நான்கு கிண்ணங்களும் எந்த அணியின் கணக்கில் எழுதப்படும் என்பதை ஸ்ரீலங்கா கிரிக்கெட் இப்போதே கூறிவிடுவது நல்லது.