துரும்பும் உத்திரமும்

சில ஆண்டுகளுக்கு முன் நமது சங்கத்தின் பொங்கல் விழாவன்று, மண்டப வாயிலில் நின்று வருவோரை வரவேற்றுக்கொண்டிருந்தேன். பெற்றோருடன் வந்த ஆறு வயதுச் சிறுவனிடம், "தம்பி, உன் பெயர் என்ன?" என்றேன். அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். தாய் இந்தியில் ஏதோ கூற, அவனும் இந்தியிலேயே தன் பெயரைச் சொன்னான். "வீட்டிலிருந்து தமிழை வெளியேற்றிவிட்டீர்களா, அம்மா?" என்று கேட்டு, கேட்ட கையோடு நகைத்தேன். அருகிலிருந்தோரும் நகைத்தனர். அம்மையார் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்றார். அதன்பின் அக்குடும்பம் சங்கத்தின் பக்கமே வரவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து நண்பர் ஒருவர் வாயிலாக உண்மை தெரியவந்தது. அச்சிறுவனுக்கு நான்கு வயதுவரை பேச்சே வரவில்லை. ஒரே மொழியில், அதுவும் பள்ளியில் வழங்கும் மொழியில், பேசுமாறு மருத்துவர் கூறியிருந்தாராம். தாலாட்டிய தமிழைத் தன் நாவிலேயே அடக்கிக்கொண்டு மகனைப் பேசவைத்த ஒரு தாயைத்தான், தமிழை மறந்தவள் என்று நான் தீர்ப்புக் கூறியிருந்தேன்.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது இயேசு பெருமானின் மலைப்பிரசங்கம். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரம், பிறரை நியாயந்தீர்க்கலாகாது என்ற போதனையோடுதான் தொடங்குகிறது. பிறரை அளக்க நாம் எடுக்கும் மரக்காலே நம்மை அளக்கவும் எடுக்கப்படும் என்பது அங்கே வரும் எச்சரிக்கை. அடுத்து வருவது உவமை. தன் கண்ணில் உத்திரம் கிடப்பதை உணராத ஒருவன், சகோதரனின் கண்ணில் உள்ள துரும்பை எடுக்க முற்படுகிறான்.

இயேசு தச்சுத் தொழில் செய்தவர் என்பதை மாற்கு சுவிசேஷம் குறிப்பிடுகிறது. மரத்தூள் கண்ணில் விழுவது தச்சுப் பட்டறையில் அன்றாட நிகழ்ச்சி. உத்திரமோ கூரையையே தாங்கும் மரம். இவ்விரண்டையும் அருகருகே வைத்ததில் நகைச்சுவையும் உண்டு, சாட்டையடியும் உண்டு.

இவ்வுவமையின் முடிவைப் பலர் கவனிப்பதில்லை. துரும்பு கிடந்தால் கிடக்கட்டும் என்று பெருமான் விட்டுவிடவில்லை. முதலில் உன் கண்ணைத் தெளிவாக்கிக்கொள், பின்னர் அவன் கண்ணிலுள்ளதை எடுக்க உனக்குப் பார்வை கிடைக்கும் என்பதே அவர் கருத்து. கண்ணில் விழுந்த துரும்பை எட்ட நின்று எவராலும் எடுக்க இயலாது. நெருங்கிச் செல்லவேண்டும், கை நடுங்காதிருக்கவேண்டும், மெல்லத் தொடவேண்டும். தீர்ப்புக் கூறுபவனோ உயர்ந்த ஆசனத்தில் எட்ட அமர்ந்திருக்கிறான். அங்கிருந்து துரும்பைச் சுட்டிக்காட்டலாம்; எடுத்து உதவ முடியாது.

அப்படியானால் நன்மை தீமையைப் பகுத்தறியவே கூடாதா என்று சிலர் வினவலாம். அதே அதிகாரம்தான் கள்ளத் தீர்க்கதரிசிகளைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கவும், மரத்தை அதன் கனியால் அறியவும் சொல்கிறது. எளியவனை ஒருவன் ஏய்க்கும்போது வாய்மூடியிருப்பது இப்போதனையைக் கைக்கொள்வதாகாது. செயலைத் தீது என்று சொல்வது வேறு. செய்தவனின் உள்ளத்தையே அளந்துவிட்டதாக எண்ணி அவனைத் தள்ளிவைப்பது வேறு.

யோவான் சுவிசேஷத்தின் 8ஆம் அதிகாரத்தில் இவ்வேறுபாடு நன்கு விளங்குகிறது. விபசாரக் குற்றஞ்சாட்டி ஒரு பெண்ணை இழுத்து வந்தோர், கல்லெறிந்து கொல்வதே சட்டம் என்றனர். இயேசு குனிந்து தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்பது சொல்லப்படவில்லை. பாவமில்லாதவன் முதற் கல்லை எறியட்டும் என்ற கருத்துப்பட அவர் கூறியதும் ஒவ்வொருவராக அகன்றனர். முதலில் அகன்றவர்கள் முதியவர்கள். வாழ்ந்த ஆண்டுகள் மிகுதியானால், நினைத்து நாணுவதற்கும் மிகுதியாக இருக்குமல்லவா? அப்பெண்ணுக்கு அவர் தண்டனை விதிக்கவில்லை. இனிப் பாவம் செய்யாதே என்று சொல்லவும் தவறவில்லை.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் ஸ்கேத்திஸ் பாலைவனத்தில் மோசே என்னும் துறவி ஒருவர் வாழ்ந்தார். முன்னாளில் அவர் கொள்ளைக்காரர். தவறிழைத்த இளந்துறவி ஒருவரை விசாரிக்கக் கூடிய சபைக்கு அவரையும் அழைத்தனர். அவர் ஓட்டைக் குடமொன்றில் நீர் நிரப்பிக்கொண்டு வந்தார்; வழியெல்லாம் நீர் ஒழுகிற்று. இஃது என்ன என்று கேட்டவர்களிடம், என் பாவங்கள் இவ்வாறே என் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்க, அவற்றைக் காணாத நான் பிறன் பிழையை விசாரிக்க வந்திருக்கிறேன் என்ற பொருள்பட விடையிறுத்தாராம். சபையோர் அவ்விளைஞரை மன்னித்தனர்.

நம் வள்ளுவரும் புறங்கூறாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், அயலார் குற்றத்தைக் காண்பதுபோலத் தன் குற்றத்தையும் காணவல்லார்க்குத் தீங்கு உண்டோ என்றே கேட்கிறார். சமயம் எதுவாயினும் கண் ஒன்றுதான்.

ஊரைவிட்டு வந்து வாழும் நம்மிடம் இக்குறை சற்று மிகுதி என்றே அஞ்சுகிறேன். நாம் சிலரே, ஒருவர் வீட்டுச் செய்தி மாலைக்குள் மற்றவர் வீட்டை எட்டிவிடுகிறது. மகள் வேற்றுமொழிக்காரரை மணந்தாள் என்றும், மகன் ஊரிலிருக்கும் தாயைப் பார்க்கப் போவதில்லை என்றும் பேசுகிறோம். காரணத்தை அறிந்தவர் எத்தனை பேர்?

உண்மை தெரிந்த பின்பும் அவ்வீட்டுக் கதவைத் தட்டும் துணிவு வர எனக்குப் பல மாதங்களாயின. மன்னிப்புக் கேட்டேன். அம்மையார் காப்பி கொடுத்துவிட்டு, "நீங்கள் கேட்டதில் தவறில்லை, ஐயா. நான் பதில் சொல்லுமுன் சிரித்துவிட்டீர்களே, அதுதான்" என்றார்.

அவர்கள் இன்னும் விழாவுக்கு வரவில்லை. வருவார்களென்று நம்பிக்கொண்டிருக்கிறேன். வரும் பொங்கலன்று வாயிலில் நிற்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கேள்வி கேட்டால் பதிலுக்கும் சற்றே காத்திருங்கள்.