வெறி அல்ல, கணக்கு

காரைக்காலில் சரக்கு மலிவு. பட்டினச்சேரிப் பக்கம் 'வெறி' என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குடித்துவிட்டு ரோட்டோரம் கிடப்பவன் குடிவெறியில் கிடக்கிறான். தியேட்டர் வாசலுக்குப் போனால் அதே சொல் பெருமையாகிவிடுகிறது: தல வெறியன், தளபதி வெறியன். 2019-இல் 'பிகில்' படத்துக்காக விஜய் 'வெறித்தனம்' பாடியபின் சின்னப் பிள்ளைகளுக்கும் அது பாராட்டுச் சொல். கொலைச் செய்தியிலும் அதே சொல்தான்: 'சாதி வெறியர்கள் வெறிச்செயல்'.

குடிகாரன், ரசிகன், கொலைகாரன் மூவருக்கும் ஒரே பெயர். இதில் மூன்றாமவனுக்குத்தான் லாபம்.

குடிவெறி என்றால் தன்னினைவு இல்லை என்று பொருள். ரசிக வெறி என்றால் அளவு கடந்த அன்பு. சாதிக்காகக் கொன்றவனை 'வெறியன்' என்று எழுதும்போது, ஒரு பக்கம் புத்தி தடுமாறியவன் என்ற சலுகையும் மறுபக்கம் சாதிப் பற்றாளன் என்ற பதக்கமும் சேர்ந்தே அவனுக்குக் கிடைக்கின்றன. சாதிப் பெயரோடு 'வெறியன்' சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்ளும் பையன்களைப் பாருங்கள். வசவாக எறிந்ததை மாலையாகப் போட்டுக்கொண்டார்கள்.

நடந்தவை வெறியா? எங்கள் கடற்கரைக்குப் பக்கத்து மாவட்டம்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். எதிரே மிராசுதார்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் இருந்தது, அதற்குத் தலைவர் இருந்தார். வெறிக்குச் சங்கம் எதற்கு?

2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகிக்கும் முருகேசனுக்கும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். தலித் இளைஞனும் வன்னியர் பெண்ணும் மணம் செய்துகொண்டதற்கு அந்தத் தண்டனை. ஆளைத் தேடிப் பிடித்தார்கள், வரவழைத்தார்கள், ஊர் பார்க்கக் கொன்றார்கள், எரித்தார்கள். 2021-இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில் 2 பேர் காவல்துறை அதிகாரிகள். வழக்கை மடைமாற்றிய அந்த அதிகாரிகளுக்கு எந்த வெறி பிடித்திருந்தது?

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு விலை உண்டு. திடீரெனக் கடுமையாகத் தூண்டப்பட்டுத் தன்கட்டுப்பாட்டை இழந்தவன் கொன்றால், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300-ஆவது பிரிவு அதைக் கொலை என்ற கணக்கிலிருந்து விலக்கியது. குற்றவாளியின் வக்கீல் உழைத்து நிறுவ வேண்டிய வாதத்தை நாம் தலைப்பிலேயே இலவசமாகக் கொடுக்கிறோம்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. 'வெறியன்' என்ற சொல் வெறியில்லாதவனை விடுதலை செய்துவிடுகிறது. சேரிக்காரனுக்கு வீடு வாடகைக்குத் தராதவன், தனிச் சுடுகாட்டை ஒத்துக்கொண்டவன், மணமகள் தேவை விளம்பரத்தில் உட்பிரிவுவரை கேட்பவன் எல்லாரும் நிதானமாகச் சொல்கிறார்கள்: "நான் சாதி வெறியன் இல்லைங்க." உண்மைதான், வெறியன் இல்லை. தெளிவாக இருந்துதான் செய்கிறார்கள். அதே ஆள் சேரிப் பையன் ஒருவன் குடித்தால் மட்டும் "அவங்களே அப்படித்தான்" என்பார். அவன் போதை அவன் சாதியின் குணமாம், இவர் சாதி மட்டும் எப்போதாவது ஏறி இறங்கும் போதையாம்!

அண்ணல் அம்பேத்கர் 1936-இலேயே 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் இதைத் தெளிவாக்கிவிட்டார். இந்துக்கள் சாதியைக் கடைப்பிடிப்பது மனிதத்தன்மை இல்லாததாலோ புத்தி கெட்டதாலோ அல்ல, ஆழ்ந்த மதப்பற்றால்தான் என்றார். நோய் மனிதரிடம் இல்லை, சாத்திரத்திடம் இருக்கிறது என்பதே அவர் வாதம்.

"சொல்லில் என்ன இருக்கிறது, கோபம்தானே முக்கியம்" என்று தோழர்கள் கேட்கலாம். கோபம் இருக்கட்டும், குறி தவறக் கூடாது. போதை என்றால் காலையில் தெளிந்துவிடும். மூவாயிரம் ஆண்டாகத் தெளியாத ஒன்றைப் போதை என்று எப்படிச் சொல்வது? அது சொத்து, அதிகாரம், வாரிசுரிமை. கொன்றவனைக் கொலைகாரன் என்று எழுதுங்கள். திட்டமிட்டவனைச் சாதி ஆதிக்கவாதி என்று எழுதுங்கள். வேடிக்கை பார்த்த ஊரையும் பெயர் சொல்லி எழுதுங்கள். வெறியைக் குடிகாரனுக்கும் ரசிகனுக்கும் விட்டுவிடுங்கள்.