பாட்டுக்குத் தரகு

பாட்டு லிங்க் கொடுத்தால் கமிஷன் கொட்டும் என்று நம்ம பசங்க நிறைய பேர் நம்புகிறார்கள். ஐடியா பழசுதான். 1994-லேயே அமெரிக்காவில் சிடிநவ் ஆரம்பித்தது. நம் லிங்க் வழியாக யாராவது சிடி வாங்கினால் நமக்கு ஒரு பங்கு. கம்பம் திராட்சைத் தரகு மாதிரி, சரக்கு விற்றால்தான் காசு. இன்று யூட்யூபில் சும்மாவே கேட்கிறோம். சந்தா கட்டச் சொன்னால் நண்பனே ஓடுவான். பிறகு தரகு ஏது?

நம்ம பண்ணைப்புரத்து இளையராஜாவே பாட்டு உரிமைக்காகக் கோர்ட் ஏறியிருக்கிறார். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கை உறுதிசெய்து சட்டம் திருத்தப்பட்டதே 2012-ல்தான். மெட்டுப் போட்டவருக்கே இந்தப் பாடு என்றால், லிங்க் போட்டவருக்கு என்ன மிஞ்சும்?

தரகை விடுங்க மக்களே. பறையோ பாட்டோ கைவசம் இருந்தால் நீங்களே பதிவு செய்து உங்கள் பெயரில் ஏற்றுங்கள். காசு மெதுவாகத்தான் வரும். ஆனால் உரிமை உங்களிடம் இருக்கும். என்ன சொல்றீங்க?