கார் நிக்கோபார் பிள்ளைகளின் அரியர்

கார் நிக்கோபாரிலிருந்து பி.டெக். படிக்கக் கிளம்பும் பிள்ளை ஏறத்தாழ 270 கிலோமீட்டர் கடல் தாண்டி, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேருக்கு வர வேண்டும். அங்குள்ள அம்பேத்கர் தொழில்நுட்பக் கழகத்திலோ, சென்னை, புதுச்சேரிக் கல்லூரிகளிலோ முதல் செமஸ்டரில் கணிதமும் இயற்பியலும் அரியராகிவிட்டால், 'இன்ஜினியரிங் நமக்கு ஒத்துவராது' என்று ஊர் திரும்புவது எளிது. ஆனால் அந்த மதிப்பெண் எதை அளந்தது? வீட்டில் நிக்கோபாரி, வெளியில் இந்தி, பாடத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்த ஒருவர், ஊரை விட்டு வந்த சில மாதங்களில் எவ்வளவு வேகமாக எழுதினார் என்பதைத்தான் பெரும்பாலும் அளந்தது. அவர் ஊரிலேயே அறிந்ததை அது அளக்கவில்லை. நிக்கோபார் தீவுகளின் ஹோடித் தோணியில் ஒரு பக்கம் குறுக்குக் கம்புகளால் மிதவைக் கட்டையைப் பிணைத்திருப்பார்கள். மிதவை தள்ளி இருந்தால் தோணி எளிதில் கவிழாது. அளவுக்கு மீறித் தள்ளினால் கம்பு வளைந்து முறியும். முதலாண்டு இயக்கவியல் தாளில் வரும் திருப்புத்திறன் கணக்கு இதுவேதான். தோணி தெரிந்தவருக்குச் சமன்பாடு தானாக வந்துவிடாது. ஆனால் சமன்பாடு வராததால் அவருக்கு விஷயமே புரியாது என்று முடிவுகட்ட முடியாது.

இது தீவுக்கு மட்டுமான சிக்கல் அல்ல. 2015-இல் ரூர்க்கி ஐஐடி, முதலாண்டில் சராசரிப் புள்ளி 5-ஐத் தொடாத 70-க்கும் மேற்பட்ட மாணவர்களை வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் இடஒதுக்கீட்டில் வந்தவர்கள். நாட்டின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வுகளில் ஒன்றைத் தாண்டியவர்கள் ஓராண்டுக்குள் எப்படித் தகுதியற்றுப் போனார்கள் என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் கழகமே மறுவாய்ப்பு தந்தது. மாறியிருந்தது அவர்களுடைய மூளை அல்ல, சூழல்தான்.

'அரைகுறையாகப் படித்தவர் கட்டிய பாலம் இடிந்தால் யார் பொறுப்பு?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லவில்லை; அதை எட்ட அவகாசம் கேட்கிறோம். நான்காண்டுப் படிப்பை ஐந்தாண்டில் முடித்தவரும் அதே தாள்களில் தேறியவர்தான். சிலருக்கு இந்தப் படிப்பு உண்மையிலேயே பொருந்தாது என்பதும் சரி. அதைக் கண்டுபிடிக்க மொத்தப் புள்ளி உதவாது. எந்தத் தாளில், எந்த இடத்தில் சறுக்கல் என்று பார்க்க வேண்டும். பட்டறையிலும் ஆய்வகத்திலும் கை நன்றாக ஓடி, கணிதத்தில் மட்டும் தடுமாறினால் அது அடித்தளக் குறை, சொல்லிக்கொடுத்தால் சரியாகும். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்ற கேள்வியே ஒருவரைத் தொடவில்லை என்றால் வேறு படிப்புக்கு மாறட்டும். அதில் தலைகுனிய ஒன்றுமில்லை.

கார் நிக்கோபாருக்கு இது வெறும் தனிமனிதக் கவலையும் அல்ல. 2004 சுனாமிக்குப் பின், தூண்மேல் நின்ற ஓலைக்கூரைக் குடில்களை இழந்த மக்கள் வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டகைகளில் தங்க வேண்டியிருந்தது. நிரந்தர வீடுகளுக்கும் இரும்பும் தகடும் பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்தன. உப்புக்காற்றையும் நிலநடுக்கத்தையும் கூட்டுக்குடும்பம் வாழும் முறையையும் அறிந்த இன்ஜினியர்கள் அந்த வரைபட மேசையில் இருந்திருக்க வேண்டும். அத்தகையவர்களை உருவாக்க இன்று வழியும் இருக்கிறது. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020-இல் தீவை எட்டிவிட்டது. அதன் வழியே, கல்லூரி தொடங்குமுன் பிளஸ் டூ கணிதத்தை மாணவர்களுக்கு ஊரிலேயே மறுபடி நடத்தலாம். மழைக்காலக் கடல் கொந்தளிப்பில் கப்பல் தவறியவருக்கு அரியர் தேர்வு எழுத இன்னொரு தேதி தரலாம். இவ்விரண்டையும் அடுத்த கல்வியாண்டிலேயே அந்தமான் நிர்வாகம் தொடங்க வேண்டும்.