முன் பெண்டர் கழலும், பின் பெண்டர் கழலாது

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை. பாசிர் கூடாங்கில் எங்கள் தாமானில், பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். பெட்டிக்குள் கறுப்பு பைபரில் செய்த நான்கு வளைவுகள். சக்கரத்துக்கு மேலே பெண்டரை அகலமாகக் காட்டும் 'பிளேர்'.

"மாமா, உங்க கிரைண்டர் கொஞ்சம் வேணும். அரை நாள் வேலைதான். வீடியோவுல பார்த்துட்டேன்."

கார், அவனுடைய அப்பா பல வருடம் துடைத்துத் துடைத்து ஓட்டிய புரோட்டோன் வீரா. மகனுக்கு வேலை கிடைத்ததும் சாவியைக் கொடுத்துவிட்டார். அவர் போர்ச்சில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்படி ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. 1986-இல் திறந்த ஜொகூர் பந்தயத் தடம் இங்கேதான் இருந்தது. 1998-இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸின் மலேசியச் சுற்றும் அதில்தான் நடந்தது. பிளேரும் பந்தயத்தில் வளர்ந்த சாமான். அகல டயர் வளைவுகளில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பாடிக்கு வெளியே நீட்டிக்கொள்ளும், அதை மூட ஒரு வளைவு வேண்டும். நிசான் 1970-இல் விற்ற இரண்டு கதவு ஸ்கைலைன் ஜிடி-ஆரில் பின் சக்கரங்களுக்கு மேல் கம்பெனியே இப்படி வளைவைப் பூட்டித்தான் கொடுத்தது. ஆகவே அவன் ரசனையை நான் கேலி செய்யவில்லை. கிரைண்டரைத் தருகிறேன், நானும் கூட வருகிறேன் என்றேன்.

முதலில் அவனைக் காரின் கீழே குனிய வைத்தேன். முன் பெண்டர் சில போல்ட்டுகளில் நிற்கிற தனித் தகடு. வெட்டித் தப்பாய்ப் போனால் கழற்றிப்போட்டு வேறொன்று மாட்டலாம். பின் பெண்டர் அப்படியில்லை. கூரைத் தூணிலிருந்து பின் விளக்கு வரை காரின் உடம்போடு வெல்டிங் செய்த ஒரே தகடு அது. சக்கர வளைவின் விளிம்பில் வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்து மடிந்து, வரிசையாக ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டியிருக்கும். விரலால் தடவினால் அந்த இரட்டைத் தடிப்பு தெரியும். அந்த விளிம்பை வெட்டி எடுத்தால் இரண்டு தகடும் வாய் பிளக்கும். சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீரும் மண்ணும் நேராக உள்ளே போகும், பின்பகுதியின் பலமும் குறையும்.

முறை தெரிந்த போமன் வெளித்தகட்டில் நாக்கு நாக்காகக் கீறி, உள்பக்கம் மடித்து, மறுபடி வெல்டிங் வைத்து, இணைப்பெல்லாம் சீலர் பூசித்தான் விடுவார். வீடியோவில் இந்த இடம்தான் வேகமாக ஓடிவிடுகிறது.

எனக்கு இது எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு முன்னால் என் பழைய சாகாவில் நானே செய்தேன். பின் விளிம்பை ஒரே ராத்திரியில் வெட்டினேன். கறுப்பு ஸ்பிரே அடித்தேன். பிளேரை மாட்டி ஊரெல்லாம் சுற்றினேன். மழைக்காலத்தில் ஸ்பேர் டயர் குழியில் தண்ணீர் நின்றது. ரப்பர் போய்விட்டது என்று நினைத்து பூட் ரப்பரை மாற்றினேன். நீரிணையிலிருந்து வரும் உப்புக்காற்று வேறு. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் பிளேரைப் பிடித்து இழுத்தபோது, போல்ட்டோடு தகடும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கையில் வந்தது. காரை எடைக்குத்தான் போட்டேன்.

கதையைக் கேட்டுப் பையன் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தான். பிறகு இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் ஒரு ஜோடி முன் பெண்டர் வாங்கினோம். வீராவின் சொந்தப் பெண்டர்களைக் கழற்றித் துணியில் சுற்றி ஸ்டோருக்குள் வைத்தோம். வாங்கியதை மாட்டி, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, சக்கரத்தை ஜாக்கியில் மேலே தூக்கி எங்கே உரசும் என்று பார்த்தோம். மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளேரை வைத்துக் கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே வெட்டுக்கோடு போட்டோம். போல்ட் பிடிக்கத் தகடு மிஞ்ச வேண்டுமே. பிறகு பெண்டரைக் கழற்றிப் புல்லில் வைத்து வெட்டினோம். காரில் வைத்தே வெட்டுவதென்றால் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், கண்ணாடியைக் கனமான துணியால் மூடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் ஒட்டினால் புள்ளி போகவே போகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, டிஸ்க்குக்கு மேல்மூடி, இரண்டும் கட்டாயம். பின்பக்கம் பெட்ரோல் ஊற்றும் குழாய் போகிற இடத்தில் பொறி பறக்கவே கூடாது.

வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, துத்தநாக பிரைமர் பூசி, காய்ந்ததும் சாயம் அடித்தோம். போல்ட் துளைகளுக்குள்ளும் சின்ன பிரஷால் பூசினோம். வெட்ட எடுத்தது பத்து நிமிடம், இதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

பின்பக்கம் வெட்டவில்லை. ஹீட் கன்னால் சாயத்தைச் சூடாக்கி, ரோலர் வைத்து உள் விளிம்பை மெல்ல மேல்நோக்கி மடித்தோம். அதற்கு ஏற்ற அளவில் டயரைக் குறைத்துக்கொண்டான். டயர் வளைவுக்கு வெளியே நீட்டினால் ஜே.பி.ஜே. பிடிக்கும், பாடியை மாற்றினால் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும், காப்புறுதிக்காரரிடமும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அவனே விசாரித்து வந்தான்.

வேலை முடிந்த மாலை அப்பா இறங்கி வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, பிளேருக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார்.

"இது நம்ம தகடுதானே?"

"ஆமாம்பா. வெட்டல."

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "தேத்தண்ணி போடச் சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.